வார்டில் முதல் வாரம்: புதிய செவிலியர்களுக்கான பணி வழிகாட்டி

செய்முறைக் கூடத்தில் பொம்மையின் கையில் ஊசி போட்டுப் பழகிய மாணவர், முதன்முறையாக அரசு மருத்துவமனையின் பொது மருத்துவ வார்டுக்குள் நுழையும்போது, அத்தனை கட்டில்களிலிருந்தும் கண்கள் தம் மேல் திரும்புவதை உணர்வார். வலியில் இருப்பவர், என்ன நோய் என்றே தெரியாமல் பயந்திருப்பவர், மூன்று இரவாகத் தூங்காமல் தாயின் காலடியில் உட்கார்ந்திருக்கும் மகள் என எல்லோரும் அந்தச் சீருடையிடம் ஏதோ ஒன்றை எதிர்பார்க்கிறார்கள். அவ்வாறு நுழையும் செவிலிய மாணவர்களுக்கும், புதிதாகப் பணியில் சேர்ந்தவர்களுக்கும், ஒரு ஷிஃப்டில் வேலைகள் வரும் வரிசையிலேயே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். பாதுகாப்பு என்றும் மரியாதை என்றும் பாடநூல்கள் இரண்டு பாடங்களாகப் பிரித்துச் சொல்வதை வார்டில் பிரிக்கவே முடியாது என்பதுதான், பல ஆண்டுகள் வார்டுப் பணியில் இருந்து நான் தெரிந்துகொண்டது. மரியாதை குறைந்த இடத்தின் வழியாகவே பெரும்பாலான பிழைகள் உள்ளே வருகின்றன.

கைகளைத் தயார் செய்தல்

சீருடை அணிந்தவுடன் மோதிரம், வளையல், கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றிவிடுங்கள். நகங்களை ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள். மோதிரத்துக்கு அடியில் ஈரமும் கிருமியும் தங்கும். நீண்ட நகம், படுத்த படுக்கையாக இருக்கும் முதியவரின் காகிதம் போன்ற தோலை ஒரே இழுப்பில் கிழித்துவிடும்.

கை சுத்தம் செய்ய வேண்டிய ஐந்து தருணங்களை உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ளது: நோயாளரைத் தொடுவதற்கு முன்; ஊசி, கட்டு மாற்றுதல் போன்ற சுத்தமான செயல்முறைக்கு முன்; இரத்தம், சிறுநீர் போன்ற உடல் திரவங்கள் பட்டிருக்கக்கூடிய வேலைக்குப் பின்; நோயாளரைத் தொட்ட பின்; அவருடைய கட்டில், லாக்கர், டிரிப் ஸ்டாண்டு முதலியவற்றைத் தொட்ட பின். ஆல்கஹால் கலந்த கைத் தேய்ப்பு மருந்தென்றால் 20 முதல் 30 நொடிகளும், சோப்பும் தண்ணீருமென்றால் 40 முதல் 60 நொடிகளும் எடுத்துக்கொள்ள வேண்டும். கையில் அழுக்கு கண்ணுக்குத் தெரிந்தாலோ, நோயாளருக்கு வயிற்றுப்போக்கு இருந்தாலோ சோப்பும் தண்ணீருமே சரி. புதியவர்கள் பெரும்பாலும் "பின்" என்று வரும் மூன்று தருணங்களையும் ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறார்கள், ஏனெனில் அவை தம்மைக் காப்பவை. "முன்" என்று வரும் இரண்டையும்தான் மறக்கிறார்கள், அவை நோயாளரைக் காப்பவை. கையுறை போட்டிருப்பது கை கழுவியதாகாது என்பதையும் நினைவில் வையுங்கள். ஒரே கையுறையோடு மூன்று கட்டில்களுக்குச் செல்பவர் தம் கையை மட்டுமே பாதுகாத்துக்கொள்கிறார்.

பெயர் கேட்டல்

கட்டிலருகே சென்றவுடன் முதல் வேலை வணக்கம் சொல்லி, உங்கள் பெயரைச் சொல்வது. "வணக்கம் ஐயா, என் பெயர் மீனா, நான் செவிலியர் மாணவி, இன்று மதியம் வரை உங்களைப் பார்த்துக்கொள்வேன்" என்ற ஒரு வாக்கியம் போதும். வயதில் மூத்தவரை ஐயா என்றும் அம்மா என்றும் அழைப்பது நம் ஊரில் எப்போதும் பொருந்தும். பாட்டி, தாத்தா என்பது சிலருக்கு நெருக்கமாகவும் சிலருக்கு வருத்தமாகவும் இருக்கும். அவர்கள் முகத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். கூலி வேலை செய்பவராக இருந்தாலும், சுயநினைவின்றிப் படுத்திருப்பவராக இருந்தாலும், "வா, போ" என்ற ஒருமை உங்கள் வாயில் வரக்கூடாது. திருநங்கை ஒருவர் சேர்க்கப்பட்டிருந்தால், கேஸ் ஷீட்டில் எந்தப் பெயர் இருந்தாலும், எப்படி அழைக்க வேண்டும் என்று அவரிடமே கேட்டு அப்படியே அழையுங்கள்.

அடையாளம் உறுதிசெய்யும் கேள்வியை எப்படிக் கேட்கிறீர்கள் என்பது உயிர் சம்பந்தப்பட்டது. "நீங்கள்தானே லட்சுமி?" என்று கேட்டால், காது சரியாகக் கேட்காதவரும், காய்ச்சல் மயக்கத்தில் இருப்பவரும், சீருடையைக் கண்டு அஞ்சுபவரும் "ஆமாம்" என்றே தலையசைப்பார்கள். "உங்கள் பெயர் என்னம்மா? கணவர் பெயர்?" என்று கேட்டு, அவர் வாயால் வரும் பதிலைக் கேஸ் ஷீட்டிலுள்ள பெயரோடும் உள்நோயாளர் எண்ணோடும் ஒப்பிடுங்கள். கட்டில் எண்ணை அடையாளமாகக் கொள்ளவே கூடாது; மின்விசிறிக் காற்றுக்காக இருவர் தங்களுக்குள் கட்டிலை மாற்றிக்கொள்வது நம் வார்டுகளில் அன்றாடம் நடப்பது. நான் மாணவியாக இருந்தபோது இப்படி மாறிப் படுத்திருந்த ஒருவரிடம் மற்றவருடைய ஊசி மருந்தோடு போய் நின்றேன். "எனக்குக் காலையிலேயே போட்டுவிட்டார்களே அம்மா" என்று அவர் வாய் திறந்து சொன்னதால் அன்று இருவரும் தப்பினோம். நோயாளர் அப்படிச் சொல்லத் துணிய வேண்டுமென்றால், அதற்கு முன்பே நீங்கள் அவரை மனிதராக மதித்துப் பேசியிருக்க வேண்டும்.

தொடுவதற்கு முன்

எந்தச் செயலுக்கும் முன்பு, என்ன செய்யப் போகிறீர்கள், ஏன், எவ்வளவு நேரம் ஆகும், வலிக்குமா என்ற நான்கையும் சொல்லி, அவர் சம்மதத்தைக் கேளுங்கள். வலிக்கும் என்றால் வலிக்கும் என்றே சொல்ல வேண்டும். "வலிக்கவே வலிக்காது" என்று சொல்லி ஊசியைக் குத்தியவரை அவர் மறுமுறை நம்பமாட்டார். வேண்டாம் என்று மறுத்தால் திட்டாமல் காரணம் கேளுங்கள், பொறுப்புச் செவிலியரிடம் சொல்லுங்கள், மறுத்ததைக் குறிப்பில் எழுதுங்கள்.

உடை விலகும் எந்த வேலைக்கும் முதலில் திரையை இழுக்க வேண்டும். வார்டில் திரை குறைவாக இருக்கிறது என்பது உண்மை. அப்படியென்றால் ஒரு போர்வையை இருவர் பிடித்துக்கொள்ளலாம், உடனிருக்கும் ஆண்களைச் சில நிமிடம் வெளியே நிற்கச் சொல்லலாம். பெண் நோயாளரை ஆண் மருத்துவர் பரிசோதிக்கும்போது இன்னொரு பெண் உடனிருக்க வேண்டும் என்பது, தேசிய மனித உரிமைகள் ஆணையம் தயாரித்து 2018ஆம் ஆண்டு வெளிவந்த நோயாளர் உரிமைச் சாசனத்திலும் இடம்பெற்றுள்ளது. முக்காடு அணியும் பெண்களுக்கு, ரவுண்ட்ஸ் தொடங்கும் அரை நிமிடம் முன்பு "டாக்டர் வருகிறார் அம்மா" என்று சொல்வது, அவர்கள் தங்களைச் சரிசெய்துகொள்ளப் போதுமானது. அறுவை சிகிச்சைக்கு முன்பு தாலியைக் கழற்ற வேண்டியிருக்கும்போது, கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு போய் நிற்காதீர்கள். அறுவை அரங்கில் பயன்படுத்தும் மின்கருவியால் உலோகம் பட்ட இடத்தில் தீப்புண் ஏற்படலாம் என்று விளக்கி, அவரே கழற்றவோ அவர் விரும்பும் உறவினர் கழற்றவோ விட்டு, நகையை உறவினரிடம் ஒப்படைத்துப் பதிவேட்டில் கையொப்பம் பெற்றுக்கொள்ளுங்கள்.

பெட்பேன் கேட்க வைக்காதீர்கள்

எழுபது வயதைக் கடந்த ஓர் அம்மா, இடுப்பு எலும்பு முறிந்து நாங்கள் இருந்த வார்டில் சேர்க்கப்பட்டிருந்தார். இரண்டு நாள்களாக அவருடைய சிறுநீரின் அளவு குறைந்துகொண்டே வந்தது, வாய் உலர்ந்திருந்தது, மூன்றாம் நாள் காலை பேச்சில் தடுமாற்றம் தெரிந்தது. சிறுநீரகத்தில் கோளாறோ என்று இரத்தப் பரிசோதனைக்கு எழுதினார்கள். அவர் தலைமாட்டிலிருந்த தண்ணீர் பாட்டிலை நான் கையில் எடுத்துப் பார்த்தேன். மூடியின் முத்திரை உடையாமலேயே இருந்தது. அருகில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டபோது, "குடித்தால் அடிக்கடி வரும், பேத்தி வயதுப் பிள்ளைகளை அதற்குக் கூப்பிடக் கூச்சமாக இருக்கிறது, முதல் நாள் ஒரு பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு வைத்தாள்" என்றார். டிரிப் போட்டு, அன்றிலிருந்து கேட்காமலேயே பெட்பேன் (படுக்கையிலேயே மலம், சிறுநீர் கழிக்க வைக்கும் பாத்திரம்) வைத்தோம். இரண்டு நாளில் தெளிந்துவிட்டார். முகச்சுளிப்பு ஒன்றுதான் அந்த நீரிழப்புக்கு மூலகாரணம் என்பதை எந்தப் பரிசோதனை அறிக்கையும் காட்டியிருக்காது.

ஆகவே எழுந்து நடக்க முடியாதவர்களிடம், சாப்பாட்டுக்குப் பின்பும், தூங்கும் முன்பும், இரவு ரவுண்டிலும் நீங்களாகவே கேளுங்கள். பெட்பேனை வைப்பதற்கு முன்பு விளிம்பு உடைந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கமாகத் திருப்பி வைத்து மீண்டும் மல்லாக்கத் திருப்புங்கள், அடியில் தள்ளிச் செருகாதீர்கள். பெண்களுக்கு முன்னிருந்து பின்னாகவே துடைக்க வேண்டும். அவரால் தாமே கழுவிக்கொள்ள முடியுமென்றால் மக்கையும் தண்ணீரையும் கொடுத்துவிட்டுத் திரைக்கு வெளியே நில்லுங்கள். இன்டேக் அவுட்புட் சார்ட் (உடலுக்குள் போகும், வெளியேறும் திரவத்தின் அளவுக் குறிப்பு) இருந்தால் அளந்து எழுதிய பிறகே கொட்ட வேண்டும்.

வார்டில் நடக்கும் விழுதல்களில் பல, கழிப்பறைக்குத் தாமாக எழுந்து போகும் முயற்சியில் நேர்பவை. கட்டிலைத் தாழ்த்தி, சக்கரத்தின் பிரேக்கைப் போட்டு, செருப்பைக் கால் எட்டும் இடத்தில் வைத்து, ஈரத் தரையை உடனே துடைக்கச் சொல்லுங்கள். முதன்முறை எழுப்பும்போது கட்டிலின் ஓரத்தில் சில நிமிடம் உட்கார வைத்து, தலை சுற்றவில்லை என்று அவர் சொன்ன பிறகே நிற்க வையுங்கள். குழப்பத்தில் இருப்பவருக்குக் கட்டிலின் இருபுறமும் தடுப்பை ஏற்றிவிட்டால் போதும் என்று எண்ணாதீர்கள். அவர் தடுப்பின் மேலேறி இன்னும் உயரத்திலிருந்து விழலாம்.

உடம்பு துடைத்தலும் திருப்பிப் படுக்க வைத்தலும்

ஸ்பாஞ்ச் பாத் கொடுக்கும்போது துடைக்கும் பகுதியை மட்டும் திறந்து, மற்றதைப் போர்வையால் மூடியே வையுங்கள். கண்ணை மூக்கோரத்திலிருந்து வெளிப்புறமாக, சோப்பு இல்லாமல், ஒவ்வொரு கண்ணுக்கும் துணியின் வேறு வேறு பகுதியால் துடைக்க வேண்டும். முகம், கைகள், மார்பு, வயிறு, கால்கள், முதுகு என்று வந்து, தண்ணீரை மாற்றிய பின் இறுதியில் பிறப்புறுப்புப் பகுதி. நீரிழிவு உள்ளவருக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். சூடு அதிகமென்று அவர் சொல்லமாட்டார், நீங்கள்தான் தொட்டுப் பார்க்க வேண்டும். கால் விரல் இடுக்குகளை ஈரமில்லாமல் ஒற்றி எடுங்கள்.

நோயாளரின் முதுகையும் பிட்டத்தையும் பார்க்க இதைவிட நல்ல நேரம் கிடையாது. படுக்கைப்புண் முதலில் வால் எலும்பு, குதிகால், இடுப்பின் பக்கவாட்டு எலும்பு, பின்மண்டை ஆகிய இடங்களில்தான் தொடங்கும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்துப் பின் சிவக்க வேண்டும். வெளுக்காவிட்டால் புண் தொடங்கிவிட்டது என்று பொருள். பாடநூலின் வண்ணப்படங்களில் காணும் அந்தச் சிவப்பு, நம் மக்களின் கருந்தோலில் தெளிவாகத் தெரியாது. அந்த இடம் சுற்றுப்புறத்தைவிடச் சூடாகவோ, கல் போன்று இறுகியோ, நொதநொதப்பாகவோ இருக்கிறதா, தொட்டால் வலிக்கிறதா என்று கையால் அறியுங்கள். அவ்வாறு இருக்கும் இடத்தைத் தேய்த்துவிடுவது கெடுதல். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைப்பதுதான் பொதுவான நடைமுறை. திருப்பும்போது அக்குளைப் பிடித்து இழுக்காமல், இருவர் சேர்ந்து அடியில் விரித்த துணியோடு தூக்கி நகர்த்துங்கள். இழுபடும் தோல் உரியும், உங்கள் முதுகும் கெடும்.

அளவுகள் எடுத்தல்

வயது வந்தவருக்கு நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 60 முதல் 100, மூச்சு 12 முதல் 20 என்பது இயல்பு. மூச்சை எண்ணப் போகிறேன் என்று சொன்னால் மூச்சின் வேகம் மாறிவிடும். அதனால் நாடி பார்த்து முடிந்ததும் விரலை எடுக்காமலேயே மார்பின் ஏற்ற இறக்கத்தை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். சம்மதம் கேட்காமல் செய்யலாம் என்று நான் சொல்லும் ஒரே வேலை இதுதான். நோயாளர் மோசமாகப் போவதை மிக முன்னதாகக் காட்டும் அளவும் இதுவே. ஆனால் வார்டுச் சார்ட்டுகளில் எண்ணாமலேயே எழுதப்படுவதும் இதுதான் என்பது எனக்கு நெடுநாளைய மனவருத்தம். எல்லாக் கட்டிலுக்கும் 20 என்று எழுதியிருக்கும் சார்ட்டைப் பார்த்தால் நம்பாதீர்கள், நீங்கள் எண்ணுங்கள். இரத்த அழுத்தம் பார்க்கும் முன் ஐந்து நிமிடம் ஓய்வு கொடுங்கள். டயாலிசிஸுக்கான ஃபிஸ்டுலா (அறுவை செய்து இணைத்த இரத்தக்குழாய்) உள்ள கையிலும், டிரிப் ஓடும் கையிலும், மார்பக அறுவை நடந்த பக்கக் கையிலும் பட்டையைக் கட்டாதீர்கள்.

மருந்து கொடுத்தல்

மேற்பார்வையில்லாமல் மாணவர் மருந்து கொடுக்கக்கூடாது என்பது முதல் விதி. சரியான நோயாளர், சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்ற ஐந்தும் நீங்கள் மனப்பாடம் செய்தவைதான். அவற்றைச் செயலில் கொண்டுவர, மருந்தின் பெயரை மூன்று முறை வாய்விட்டு வாசியுங்கள்: எடுக்கும்போது, சிரிஞ்சில் ஏற்றும்போது, குப்பியைக் கீழே வைக்கும்போது. பக்கத்து பக்கத்தில் அடுக்கியிருக்கும் ஒரே நிற ஆம்ப்யூல்கள் (சிறு மருந்துக் குப்பிகள்) களைத்த கண்ணை எளிதில் ஏமாற்றும். வேறொருவர் ஏற்றி வைத்த, பெயர் எழுதாத சிரிஞ்சை யார் சொன்னாலும் போடாதீர்கள். "அலர்ஜி இருக்கிறதா?" என்று கேட்டால் பலருக்குப் புரியாது; "முன்பு ஏதாவது மருந்தோ ஊசியோ எடுத்தபோது தடிப்பு, அரிப்பு, மூச்சுத்திணறல் வந்ததா?" என்று கேளுங்கள். கொடுத்த பிறகே கையொப்பம் இட வேண்டும். முன்கூட்டியே வரிசையாக டிக் செய்துவைக்கும் பழக்கம் ஆபத்தானது.

இன்சுலினில் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். நம் நாட்டில் ஒரு மில்லி லிட்டரில் 40 யூனிட் உள்ள குப்பிகளும், 100 யூனிட் உள்ளவையும் புழக்கத்தில் இருக்கின்றன. அவற்றுக்கான சிரிஞ்சுகளும் வேறு. 40 யூனிட்டுக்கு உரியதில் சிவப்பு மூடியும், 100 யூனிட்டுக்கு உரியதில் ஆரஞ்சு மூடியும் வழக்கம். 100 யூனிட் குப்பியிலிருந்து 40 யூனிட் சிரிஞ்சில் "20" என்ற கோடு வரை எடுத்தால் உள்ளே போவது 20 அல்ல, 50 யூனிட். அது இரவில் நோயாளரை நினைவிழக்கச் செய்யும் அளவு. குப்பியின் எண்ணும் சிரிஞ்சின் எண்ணும் ஒன்றா என்று இன்னொருவரிடமும் காட்டுங்கள், சாப்பாடு வந்துவிட்டதா என்று பார்த்த பிறகே போடுங்கள். பொட்டாசியம் குளோரைடு ஆம்ப்யூலை ஒருபோதும் நேரடியாக இரத்தக்குழாயில் செலுத்தக்கூடாது, இதயம் நின்றுவிடும்.

பயன்படுத்திய ஊசிக்கு மூடியைத் திரும்பப் போடாதீர்கள். 2016ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு விதிகளின்படி, கூர்மையானவை துளைபடாத வெள்ளைக் கலத்துக்கும், டிரிப் குழாய், கையுறை போன்றவை சிவப்புப் பைக்கும், இரத்தம் தோய்ந்த பஞ்சும் துணியும் மஞ்சள் பைக்கும், கண்ணாடிக் குப்பிகள் நீலக் கலத்துக்கும் செல்ல வேண்டும். கையில் ஊசி குத்திவிட்டால் பிதுக்காதீர்கள், வாயில் வைக்காதீர்கள். சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு கழுவி உடனே தெரிவியுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது, 28 நாள்கள் எடுக்க வேண்டும். திட்டு விழும் என்று மறைத்து அந்த நேரத்தை இழந்துவிடாதீர்கள். மூன்று தவணைகளாகப் போடும் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியை வார்டுக்கு வருமுன்பே தொடங்கிவிட வேண்டும்.

உணவும் உறவினரும்

உடனிருப்பவர்கள் அன்பினால் செய்யும் சில காரியங்கள் ஆபத்தாகிவிடுகின்றன. பக்கவாதம் வந்தவரைப் படுத்த நிலையிலேயே வைத்துக் கஞ்சி ஊற்றினால் அது நுரையீரலுக்குள் போகும். விழுங்கும் திறனைச் சோதித்து அனுமதி கிடைக்கும் வரை தண்ணீர்கூடக் கொடுக்கக்கூடாது. அனுமதி கிடைத்த பின்பும், நிமிர்ந்து உட்கார வைத்துச் சிறு சிறு வாயாகக் கொடுத்து, இருமினால் நிறுத்தி, பிறகு அரை மணி நேரமாவது சாய்ந்த நிலையிலேயே வைத்திருக்க வேண்டும். சிறுநீரகம் செயலிழந்தவருக்கு உறவினர் ஆசையாக வாங்கிவரும் இளநீரில் பொட்டாசியம் மிகுதி. அது இதயத்துடிப்பையே குலைக்கும். "யார் கொடுக்கச் சொன்னது?" என்று வார்டே கேட்கும்படி அதட்டினால், அடுத்த முறை ஒளித்துக் கொடுப்பார்கள். தனியே அழைத்துக் காரணம் சொன்னால், அவர்களே மற்ற உறவினரையும் தடுப்பார்கள்.

நோயாளரின் நோயைப் பற்றி உறவினர் எல்லோரிடமும் பேசுவதற்கு உங்களுக்கு உரிமை இல்லை. எச்.ஐ.வி. உள்ளவரின் கட்டிலிலோ கேஸ் ஷீட்டின் மேலட்டையிலோ அடையாளம் இடுவது, 2017ஆம் ஆண்டுச் சட்டம் காக்கும் அவருடைய இரகசியத்தை உடைப்பதாகும். எல்லோருடைய இரத்தத்தையும் ஒரே எச்சரிக்கையோடு கையாண்டால் அத்தகைய அடையாளமே தேவைப்படாது. வார்டுக்குள் செல்ஃபோனில் படம் எடுக்காதீர்கள்; பின்னணியில் யாராவது ஒருவர் தம் மிக மோசமான நாளில் படுத்திருப்பார்.

மருத்துவரை அழைத்தல், எழுதுதல், ஒப்படைத்தல்

நிலைமை மாறினால் தயங்காமல் அழையுங்கள். "சார், பேஷண்ட் ஒரு மாதிரி இருக்கிறார்" என்பது உதவாது. யார், எதற்காகச் சேர்ந்தவர், இப்போது என்ன அளவுகள், நீங்கள் என்ன கேட்கிறீர்கள் என்று வரிசைப்படுத்துங்கள்: "நான்காம் கட்டிலில் இருக்கும் லட்சுமி அம்மா, நிமோனியாவுக்குச் சேர்ந்தவர், காலையில் மூச்சு 20 இருந்தது, இப்போது 32, நாடி 124, பேச்சு குழறுகிறது, உடனே வந்து பார்க்க வேண்டும்." தொலைபேசியில் சொல்லப்படும் மருந்தைத் திரும்ப வாசித்துக் காட்டி, "சரி" என்ற பதிலைக் கேட்ட பிறகே எழுதுங்கள். பிழையாக எழுதியதை ஒரே கோட்டால் அடித்துக் கையொப்பம் இடுங்கள். வெள்ளை மை பூசாதீர்கள். தவறு நேர்ந்துவிட்டால், முதலில் நோயாளரைக் கவனித்து, உடனே பொறுப்புச் செவிலியரிடம் சொல்லுங்கள். ஐந்து நிமிடத்தில் சொல்லப்பட்ட தவறுகளில் பலவற்றைச் சரிசெய்துவிடலாம்.

ஒருவர் இறந்துவிட்டால் திரையை இழுத்து, கண்களை மூடி, கை கால்களை விறைக்கும் முன் நேராக்கி, முகத்தைத் துடைத்துத் தலையை வாரிவிட்ட பின் குடும்பத்தாரை உள்ளே அழையுங்கள். அவரை அதுவரை எந்தப் பெயரால் அழைத்தீர்களோ அதே பெயராலேயே குறிப்பிடுங்கள். "பாடி" என்ற சொல் அவர்கள் காதில் விழ வேண்டாம்.

ஷிஃப்ட் முடியும்போது ஒப்படைப்பை மேசையருகே முடித்துக்கொள்ளாமல், அடுத்து வருபவரோடு ஒவ்வொரு கட்டிலுக்கும் செல்லுங்கள். டிரிப் எவ்வளவு மீதமிருக்கிறது, சிறுநீர்ப் பை நோயாளரின் இடுப்புக்குக் கீழே, அதே சமயம் தரையில் படாமல் தொங்குகிறதா, எந்த மருந்து இன்னும் வரவில்லை என்பதை நேரில் காட்டுங்கள். நோயாளரின் நோயை அவர் தலைக்கு மேல் அவர் இல்லாதது போல் பேசாதீர்கள். "அம்மா, நான் கிளம்புகிறேன், இனி இந்தச் சிஸ்டர் இருப்பார்" என்று சொல்லி, தண்ணீர் பாட்டில் அவர் கைக்கு எட்டுகிறதா என்று பார்த்து, எட்டாவிட்டால் நகர்த்தி வைத்துவிட்டு வெளியே வாருங்கள்.